எண்ணத் தெரியாதா? எண்ண மனமில்லையா?

விடியற்காலை வேளையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. இரவுமுறை முடித்துக் கண் சிவந்து திரும்புவோர் ஒரு புறம். காலைமுறைக்குச் சோற்றுப் பையுடன் விரைவோர் மறு புறம். அவர்களை ஏற்றி இறக்கும் ஆலைப் பேருந்துகளோ அணி அணியாக! இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று ஊருக்கு ஊர் ஆலைகள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த மண்ணில் இன்று காரும் மோட்டார் சைக்கிளும் கண்ணாடியும் கைப்பேசியும் விளைகின்றன.

இந்த மண்ணில் எண்ணப்படாத பொருள் எதுவும் இல்லை. ஒரு மணிக்கு எத்தனை வண்டி இறங்கிற்று? கணக்கு உண்டு. ஒரு வண்டிக்கு எத்தனை திருகாணி? கணக்கு உண்டு. உழைப்பவன் எத்தனை மணிக்கு வாயிலில் நுழைந்தான், எத்தனை நிமிடம் பிந்தினான்? அதற்கும் கணக்கு உண்டு. ஒரு திருகாணி குறைந்தால் விளக்கு எரிகிறது, வரிசை நிற்கிறது, மேற்பார்வையாளர் ஓடோடி வருகிறார்.

நல்லது! திருகாணி குறைந்தால் தெரிகிறது. ஆள் குறைந்தால்?

2020லும் 2021லும் நாட்டை உலுக்கிய கொரோனாக் கொள்ளைநோயில், இந்த வட்டாரத்து ஆலைகளில் உழைத்தவர்களில் எத்தனை பேர் மாண்டனர்? நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர்? ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்? பயிற்சித் தொழிலாளர் எத்தனை பேர்? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்தெழுந்தவர்களில் எத்தனை பேர்? எந்த ஏட்டைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்? சர்க்கார் நாள்தோறும் அறிக்கை தந்தது, உண்மை. மாவட்டவாரியாகத் தொகை தந்தது. அந்தத் தொகையில் ஆலையின் பெயர் இல்லை. உழைப்பாளி என்ற சொல் இல்லை.

அன்று நடந்ததை நினைவூட்டுகிறேன். 2021 மே மாதம். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று சர்க்கார் ஆணையிட்டது. மளிகைக் கடை மூடிற்று. காய்கறிக் கடை மூடிற்று. ஆனால் கார் ஆலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது! அதே மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலைக்குள் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி அமர்ந்தனர். மறுநாள் முதல் ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. ஒரகடத்து ரெனோ–நிசான் ஆலையில், இடைவெளி விதிகள் மதிக்கப்படவில்லை என்று சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று; விதிகளைக் கடைப்பிடிக்கிறோம் என்று நிர்வாகம் மறுத்தது. மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று தொழிலாளர்கள் அறிவித்தனர். அந்த ஆலையும் சில நாள் மூடிற்று. "எங்களில் ஐவரை இழந்தோம்; நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்" என்று நாட்டுக்குச் சொன்னது யார்? சர்க்காரா? இல்லை. தொழிற்சாலை ஆய்வாளரா? இல்லை. சங்கம் சொல்லிற்று! சங்கம் எண்ணிற்று, ஆகவே அந்த ஐவர் வெளியே தெரிந்தனர். சங்கம் இல்லாத இடத்தில் மாண்டவர்களை யார் எண்ணினார்கள்?

"கொள்ளைநோய்க் காலத்தில் சாவை எண்ணுவது எளிதா?" என்று கேட்கிறார்கள், கோப்புகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்போர்.

எளிதன்று, ஒப்புக்கொள்கிறோம். ஏன் எளிதன்று என்பதைத்தான் நம் தோழர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். மாண்டவன் கணக்கில் ஏறுவதற்கு நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதல் வாயில், சோதனை. சோதனையில் நோய் உண்டு என்று வந்தால்தான் அது கொரோனாச் சாவு. சோதனைக்கு முன்பே மாண்டவன்? முடிவு வருவதற்குள் மாண்டவன்? மூக்கில் எடுத்த சளியில் நோய் தெரியாமல், நுரையீரல் படத்தில் மட்டும் நோய் தெரிந்தவன்? படுக்கை கிடைக்காமல் வீட்டுத் திண்ணையிலேயே மூச்சடங்கியவன்? இவர்களுக்கெல்லாம் முதல் வாயிலே மூடிக்கொள்கிறது.

இரண்டாவது வாயில், மருத்துவர் எழுதும் சான்று. 'இணைநோய்' என்றொரு சொல்லை அந்நாளில் நாமெல்லோரும் கற்றுக்கொண்டோம், நினைவிருக்கிறதா? சர்க்கரை இருந்தது, இரத்தக் கொதிப்பு இருந்தது, ஆகவே மாண்டான் என்றார்கள். சர்க்கரை நோயாளி ஒருவனைப் பாம்பு தீண்டிவிட்டால், அவனைக் கொன்றது சர்க்கரையா, பாம்பா? நோய் தொற்றியதால் நேர்ந்த சாவுக்கு அந்த நோயையே அடிப்படைக் காரணமாக எழுத வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே நெறி வகுத்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 2020லும் 2021லும் நூற்றுக்குச் சுமார் 23! மற்ற 77 பேரும் எதனால் மாண்டனர் என்பதற்கு மருத்துவர் கையெழுத்தே இல்லை.

மூன்றாவது வாயில், பதிவேடு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் சாவை அறிவிக்க வேண்டும். எங்கே மாண்டானோ அந்த ஊர் ஏட்டில்தான் அது பதிவாகும். இங்கேதான் நம் வட்டாரத்து உழைப்பாளி முழுக்கவும் மறைந்துபோகிறான். ஒரகடத்தில் உழைத்த ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். வரிசையில் நின்றபோது காய்ச்சல் கண்டது. சென்னைப் பெரிய மருத்துவமனையில் மாண்டால் சென்னை மாநகராட்சி ஏட்டில் ஏறுவான். அச்சத்தில் சொந்த ஊர் திரும்பித் திருவண்ணாமலைச் சிற்றூரில் மாண்டால் அந்த ஊர் ஏட்டில் ஏறுவான். ஒரிசாவுக்கு ரயிலேறிப் போய் மாண்டால், அந்த மாநிலத்து ஏட்டில் ஏறினால் உண்டு! எந்த ஆலையில் உழைத்தான் என்று கேட்கும் கட்டம் அந்த ஏட்டில் இல்லை. நோய் தந்த இடம் ஒன்று. பிணம் விழுந்த இடம் மற்றொன்று. ஒரகடத்தின் கணக்கு இதனால் தூய்மையாகவே இருக்கும். இவ்வளவு பெரிய தொழில் வட்டாரத்தில் கொள்ளைநோய் யாரையும் பெரிதாகத் தீண்டவில்லை என்று நாளைக்கு ஒருவர் மேடையில் பேசினாலும் மறுப்பதற்கு ஏடு இராது!

நான்காவது வாயில், வெளியீடு. ஏட்டில் ஏறியதெல்லாம் அறிக்கையில் வருமா? 2020இல் சென்னையிலேயே இரண்டு கணக்கு நடந்தது. மாநகராட்சிப் பதிவேட்டில் ஒரு தொகை. சுகாதாரத் துறை அறிக்கையில் அதைவிடக் குறைந்த தொகை. செய்தி வெடித்தது, குழு அமைத்தார்கள், ஆராய்ந்தார்கள், 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டுப்போன 444 சாவுகளைக் கணக்கில் சேர்த்தார்கள். மார்ச் முதல் நாளுக்கும் ஜூன் 10ஆம் நாளுக்கும் இடையில் மாண்ட 444 பேர், ஜூலை 22 வரை சர்க்காரின் அறிக்கையில் மாளவே இல்லை! பீகாரிலோ, உயர்நீதிமன்றம் கேள்வி கேட்ட பின்னர், 2021 ஜூன் 9 அன்று ஒரே நாளில் 3,951 சாவுகளைச் சேர்த்தார்கள். சேர்த்ததற்குப் பாராட்டலாம், விட்டதற்கு யாரைக் கேட்பது?

கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும், டில்லியில் யார் அமர்ந்தாலும், இந்த நான்கு வாயில்களிலும் காவல் நிற்பது ஆட்சியின் ஆட்களே. குறைந்த தொகை, ஆளவந்தார்க்கு நிறைந்த புகழ்! ஆகவே பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. தராசு தற்செயலாக ஆடினால் இருபுறமும் ஆட வேண்டும். ஒரு புறமே தாழ்ந்து நின்றால் அதன் மேல் விரல் இருக்கிறது என்று பொருள்.

நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2021 இறுதிவரை இந்தியாவில் கொரோனாவில் மாண்டோர் 4 லட்சத்து 81 ஆயிரம் என்றது ஒன்றிய சர்க்கார். 2022 மே 5 அன்று உலகச் சுகாதார நிறுவனம், அந்த இரண்டு ஆண்டில் இந்தியாவில் வழக்கத்தைவிட மிகையாக மாண்டோர் சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. "கணித முறை தவறு, ஏற்கமாட்டோம்" என்று சீறினார்கள் டில்லியில். சரி, கணிதம் தவறாகவே இருக்கட்டும். உங்கள் சொந்த ஏட்டைத் திறந்து காட்டியிருக்கலாமே! 2021ஆம் ஆண்டின் சாவுப் பதிவுத் தொகை எப்போது வெளிவந்தது தெரியுமா, தோழர்களே? 2025 மே மாதத்தில்! நான்காண்டு உறங்கி எழுந்த அந்த ஏடு என்ன சொல்கிறது? 2020இல் பதிவான சாவு 81 லட்சம். 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் மிகை. அந்த ஆண்டுக்குச் சர்க்கார் காட்டிய கொரோனாச் சாவோ மூன்றேகால் லட்சத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவே!

இந்த 21 லட்சமும் கொரோனாவே என்று நாம் சொல்லமாட்டோம். பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுதோறும் வளர்கிறது. அதனாலும் தொகை ஏறும். மருத்துவமனை நிரம்பியதால் மாரடைப்புக்கும் பேறுகாலத்துக்கும் இடமின்றி மாண்டோரும் அதில் உண்டு. ஊரடங்கால் சாலை விபத்துக் குறைந்து பிழைத்தோரும் உண்டு. நேர்மையாகக் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கூட்ட வேண்டியதைக் கூட்டுங்கள். ஆனால் 21 எங்கே, மூன்றேகால் எங்கே? இடையில் உள்ள பள்ளத்தில் புதைந்து கிடப்போர் யார் என்று கேட்பதும் குற்றமா?

பிழை நேர்வது மனித இயல்பு. திருத்துவது ஆட்சியின் கடமை. இங்கிலாந்தில், நோய் கண்டு தேறிப் பல மாதம் கழித்து வேறு காரணத்தால் மாண்டோரையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் 28 நாள் என்று வரம்பு கட்டி 5,377 சாவுகளைக் கழித்தார்கள். பெரு நாட்டிலோ சோதனையில் தேறிய சாவை மட்டும் எண்ணிவந்தார்கள்; 2021 மே 31 அன்று அளவுகோலை விரித்து, 69 ஆயிரமாக இருந்த தொகையை 1 லட்சத்து 80 ஆயிரம் என்று திருத்தினார்கள். ஒரே நாளில் இரண்டரை மடங்கு! ஒருவர் இறக்கினார், ஒருவர் ஏற்றினார். இருவரும் ஊரறியச் செய்தார்கள். பெரு செல்வம் கொழிக்கும் நாடன்று. நம்மைப்போல் நொந்த நாடுதான். அந்த நாட்டுக்கு இருந்த துணிவு டில்லிக்கு இல்லாமற்போனது ஏன்?

பழைய கதை ஒன்றையும் நினைவுகொள்வது நலம். 1918இல் விஷக் காய்ச்சல் இந்தியாவைச் சூறையாடிற்று. வெள்ளைக்கார சர்க்கார் முதலில் சொன்ன தொகை சுமார் 60 லட்சம். கிராமத்து அலுவலரும் காவல்காரரும் எழுதிய ஏட்டில் அவ்வளவுதான் இருந்தது. எழுத வேண்டியவனே மாண்டுபோன ஊர்கள் எத்தனையோ! 1921இல் குடிமதிப்பு எடுத்தார்கள். இருக்க வேண்டிய மக்கள் இல்லை. தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. 1951இல் கிங்ஸ்லி டேவிஸ் என்ற அறிஞர் மீண்டும் கணக்கிட்டபோது இரண்டு கோடியை நெருங்கிற்று. ஏடு மறைத்ததைக் குடிமதிப்பு காட்டிக் கொடுத்தது.

இம்முறை என்ன ஆயிற்று? 2021இல் எடுத்திருக்க வேண்டிய குடிமதிப்பே எடுக்கப்படவில்லை! நோயைக் காட்டித் தள்ளினார்கள். நோய் அடங்கிய பின்னும் தள்ளினார்கள். 2025 ஜூனில்தான், 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாக வைத்து எடுப்போம் என்று அறிவித்தார்கள். அந்நியன்கூட 1921இல் தவறாமல் எடுத்த கணக்கு அது.

"மாண்டவரை எண்ணி என்ன பயன்? இருப்பவரைப் பாருங்கள்" என்று உபதேசம் செய்வோர் உண்டு. இருப்பவருக்காகத்தான் எண்ணச் சொல்கிறோம்! 2021 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம், மாண்டோர் குடும்பத்துக்கு உதவித்தொகை வகுக்க ஆணையிட்டது. 50,000 ரூபாய் என்று வகுத்தார்கள். சோதனையில் நோய் கண்ட 30 நாளுக்குள் மாண்டால் அது கொரோனாச் சாவே என்றும் நெறி தந்தார்கள். உடனே என்ன நேர்ந்தது? பத்தாயிரத்துச் சொச்சம் சாவு என்று காட்டியிருந்த குஜராத்தில், 2022 ஜனவரிக்குள் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் மனுக்களை அந்தச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. உதவிக்கு அளவுகோல் விரிந்தது என்பார்கள், விரிந்தது உண்மை. அப்படியானால் முந்திய அளவுகோல் குறுகியது என்பதும் உண்மைதானே?

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்த தொழிலாளி கொரோனாவில் மாண்டால், அவன் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு குடும்பத்துக்கு மாதந்தோறும் கிடைக்க 2021இல் வழி செய்தார்கள். நல்ல திட்டந்தான். ஆனால் நோய் கொரோனாவே என்பதற்குச் சான்று இருந்தாக வேண்டியிருந்தது. சந்தா நாளும் சரியாக இருந்தாக வேண்டியிருந்தது. சான்றில் 'மூச்சுத் திணறல்' என்று எழுதப்பட்டுவிட்டால்? அந்த ஒரு சொல்லுக்காக அவன் மனைவி எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்? மருத்துவர் பேனாவில் விடுபடும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடுகிறது. மாண்டவனை எண்ண மறுப்பது, இருப்பவளின் சோற்றைப் பறிப்பது!

இது வெறும் அச்சம் அன்று. 2020 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில், ஊரடங்கில் ஊர் திரும்பும்போது மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அத்தகைய விவரம் வைத்திருக்கவில்லை என்றது ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம். விவரம் இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றும் சொல்லிற்று. அடடா, என்ன தருக்கம்! எண்ணவில்லை, ஆகவே இல்லை, ஆகவே கொடுக்க வேண்டியதில்லை! 2021 ஜூலை 20 அன்று, பிராணவாயுப் பற்றாக்குறையால் மாண்டதாக மாநிலங்கள் தனியாக அறிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் சொன்னார்கள். அதே ஆண்டு மே தொடக்கத்தில், நம் ஒரகடத்துக்கு அருகிலுள்ள செங்கற்பட்டு சர்க்கார் மருத்துவமனையில் ஓரிரவில் பத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். பிராணவாயு குறைந்தது என்று கதறினர் உறவினர். குறையவில்லை என்றனர் அதிகாரிகள். சான்றில் அதற்கென ஒரு கட்டம் இல்லை. ஆகவே நாடாளுமன்றத்தில் விடையும் இல்லை.

ஆலைக்கு வருவோம். அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, இயந்திரத்தில் சிக்கி ஒருவன் மாண்டால் நிர்வாகம் அறிவித்தாக வேண்டும். ஈய நஞ்சு, மணல்தூசியால் வரும் நுரையீரல் நோய் போன்ற 29 வகை நோய்களையும் அறிவித்தாக வேண்டும். கொள்ளைநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரே அடைந்து கிடக்கும்போது வேலைக்கு அழைக்கப்பட்டு, வரிசையில் தோளோடு தோள் நின்று, பேருந்தில் நெருங்கி அமர்ந்து நோய் வாங்கினானே, அவன் சாவு வீட்டுச் சாவாம்! 2025 நவம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலாவது இதைச் சேர்க்கும்படி போராடுவது நம் வேலை. ஊரடங்கு நாளில் விலக்குப் பெற்று ஓடும் ஆலை எதுவாயினும், நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்ற பிரிவினையின்றித் தன் ஆட்களின் நோயையும் சாவையும் நாள்தோறும் அறிவித்தாக வேண்டும். விலக்கு வேண்டுமா, கணக்குக் கொடு! இதுவே நம் முழக்கமாகட்டும்.

சட்டம் வரும்வரை கை கட்டி நிற்பதா? வேண்டாம், தோழர்களே! நம் பகுதித் தோழர்கள் ஊர் ஊராகச் செல்லுங்கள். 2020லும் 2021லும் மாண்டோர் வீடுகளில் அமர்ந்து கேளுங்கள். பெயர், அகவை, உழைத்த ஆலை, மாண்ட நாள், சோதனை உண்டா, சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று குறியுங்கள். சாவே பதியப்படாத வீடு இருந்தால், ஓராண்டு கடந்த பின்னும் உரிய அதிகாரியின் ஆணை பெற்றுப் பதியச் சட்டம் இடம் தருகிறது, துணைக்குச் செல்லுங்கள். வெளிமாநிலத் தோழர்களின் விடுதிகளிலும் கேளுங்கள், "உங்களுடன் படுத்தெழுந்தவர்களில் யார் திரும்பி வரவில்லை?" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ஒரு பெயரையும் மிகையாக எழுதாதீர்கள். ஐயமுள்ளதை ஐயம் என்றே குறியுங்கள். நாம் ஒன்றைக் கூட்டி எழுதினால், அவர்கள் ஆயிரத்தை மறைக்க அது சாக்காகிவிடும்.

மே முதல் நாள் உழைப்பாளர் நாள். அன்றே நம் ஊர்களில் கிராமசபையும் கூடுகிறது. அந்தச் சபையில் எழுந்து ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: 2019, 2020, 2021 மூன்றாண்டிலும் இந்த ஊர் ஏட்டில் பதிவான சாவு எத்தனை என்று படியுங்கள். மூன்று எண்கள்! அவ்வளவே! அதற்கு மேல் ஒரு சொல் நாம் பேச வேண்டியதில்லை. மூன்றாவது எண்ணைப் படிக்கும்போது சபையில் எழும் அமைதியே பேசும்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாரும் அறியோம். வந்தால், ஒரகடத்து வரிசை அன்றும் ஓடும். பேருந்து அன்றும் வரும். திருகாணியை எண்ணுவது போல் ஆளையும் எண்ணும் ஏடு அன்று நம் கையில் இருக்க வேண்டும். அந்த ஏட்டின் முதல் பக்கத்தை இந்த ஞாயிறே எழுதத் தொடங்குங்கள்!